இருதய நோயும் பொது ஊழியர்களும்

சென்ற மாதம் நமது நண்பரும் நெடுநாளைய பொது ஊழியருமான ஒருவர் காலமான செய்தியை இப்பத்திரிகையில் ஆறு வரிகளில் வெளியிட்டோம். "மாரடைப்பினால் திடீரென்று காலமானார்" என்று அதில் எழுதியிருந்தது. எழுதியவர் நமது உதவியாசிரியர். பார்த்து அனுமதித்தவர் நாமே. அந்தத் "திடீரென்று" என்னும் சொல் சரியன்று என்பதைப் பின்னர் அறிந்தோம். ஆகையால் அதைத் திருத்தும் கடமை நமக்கிருக்கிறது.

நண்பருக்கு வயது 48. அன்று மாலைக் கூட்டத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். இரவு பத்தரை மணிக்குச் சாப்பிட்டு எழுந்ததும், நெஞ்சின் நடுவில் பாறாங்கல்லை வைத்தாற்போல் இருக்கிறதென்று சொல்லியிருக்கிறார். இடது கை கடுத்தது. சட்டை நனையும்படி வியர்த்தது. உடனிருந்த வாலிபர்கள் பயந்தபோது, "ஒன்றுமில்லை தம்பி, வாயுதான், ஒரு சோடா வாங்கி வா" என்றாராம். சோடா வந்தது, பிறகு ஓமத் தண்ணீர் வந்தது, பெருங்காயம் கரைத்த மோரும் வந்தது. வைத்தியர் மட்டும் வரவில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

கருமாதிக்குப் பின்னர் அவர் மனைவியார் அவருடைய கைப்பையைத் திறந்து பார்த்தபோது, கட்சி அங்கத்தினர் சீட்டுக்களுக்கிடையே மடித்து வைத்த ஒரு சிறு காகிதம் அகப்பட்டது. நான்கு வருஷங்களுக்கு முன் ஓர் இலவச வைத்திய முகாமில் எழுதிக் கொடுத்த காகிதம் அது. அந்த முகாமைத் திறந்து வைத்தவரே நமது நண்பர்தான்! திறப்பு விழாச் சடங்காக முதலில் அவர் கையிலேயே கருவியைக் கட்டிப் புகைப்படம் எடுத்தார்களாம். காகிதத்தில் "170/110" என்றிருந்தது. "உடனே வைத்தியரைக் காணவும்" என்று அதன் கீழே கோடிட்டு எழுதியிருந்தது.

நான்கு வருஷ நோட்டீஸ் கொடுத்து வந்த மரணத்தைத் திடீர் மரணம் என்பது எங்ஙனம் பொருந்தும்? நாம் வக்கீல் தொழில் செய்துவந்த காலத்தில், சம்மன் சார்வானதை மறைத்துவிட்டு, எக்ஸ்பார்ட்டி டிக்ரி ஆன பிறகு "எனக்கு ஒன்றும் தெரியாதே, ஐயா" என்று வந்து நிற்கும் கட்சிக்காரர்களைப் பார்த்திருக்கிறோம். அவர்களுக்காவது டிக்ரியை ரத்துச் செய்ய மனுப் போடும் வழியுண்டு.

இவ்விஷயத்தில் நமது நண்பர் மட்டும் ஏமாந்தவர் அல்லர். ஐக்கிய அமெரிக்க நாட்டை 1933 முதல் ஆண்டுவந்த ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் சரித்திரம் இதற்கு நல்ல உதாரணம். அவருக்கு எப்போதும் கூடவே இருந்த வைத்தியர் ஒருவர் உண்டு. அட்மிரல் மெக்கின்டயர் என்பது அவர் பெயர். காது, மூக்கு, தொண்டை வைத்தியத்தில் தேர்ந்தவர். ஜனாதிபதியின் இரத்த அழுத்தம் 1937-ம் வருஷத்திலேயே 162/98 ஆக இருந்தது. 1941-ல் 188/105 ஆகிவிட்டது. இவ்வளவு பெரிய யுத்தத்தை நடத்துகிற மனிதரின் உடம்புக்குள் நடந்துவந்த யுத்தத்தை எவரும் பொருட்படுத்தவில்லை. 1944-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் அவருடைய குமாரத்தி வற்புறுத்தியதன் பேரில், புரூயன் என்ற இளம் இருதய வைத்தியர் பெதஸ்தா கடற்படை ஆஸ்பத்திரியில் அவரைப் பரிசோதித்தார். இருதயம் வீங்கியிருந்தது, நுரையீரலில் நீர் கோத்திருந்தது, அழுத்தம் 186/108. உப்பைக் குறைத்தல், சிகரெட்டைக் குறைத்தல், இளைப்பாறுதல், டிஜிடாலிஸ் மருந்து, இவ்வளவுதான் புரூயன் சொல்லக்கூடியதாயிருந்தது. அக்காலத்தில் வேறு மருந்தில்லை. நோயின் தன்மையை நோயாளியிடம் சொல்லவேண்டாமென்று அவருக்கு மேலிடத்து உத்தரவு. நோயாளியும் கேட்கவில்லை. அவ்வருஷம் நவம்பரில் ரூஸ்வெல்ட் நான்காம் முறையாகத் தேர்தலில் நின்று ஜயித்தார். தேகஸ்திதி திருப்திகரமாயிருப்பதாகவே ஜனங்களுக்குச் சொல்லப்பட்டது.

1945-ம் வருஷம் பிப்ரவரியில் யால்டா மகாநாட்டில் சர்ச்சிலுக்கும் ஸ்டாலினுக்கும் நடுவே அவர் உட்கார்ந்திருக்கும் படத்தை நேயர்கள் பார்த்திருக்கலாம். கன்னம் ஒட்டிக் கண்ணுக்குக் கீழ் கருத்த அந்த முகத்தைக் காண எந்த வைத்தியப் பட்டமும் வேண்டியதில்லை. அடுத்த ஏப்ரல் 12-ந் தேதி, தலையின் பின்புறத்தில் பொறுக்க முடியாத வலி என்று சொல்லிச் சாய்ந்தார். அப்போது அழுத்தம் 300-க்கு மேல் இருந்தது. மூளையில் இரத்தக் குழாய் வெடித்து அன்றே உயிர் பிரிந்தது. வயது 63. மெக்கின்டயர் பத்திரிகை நிருபர்களிடம், தெளிந்த வானத்திலிருந்து இடி விழுந்தாற்போல் இது நேர்ந்துவிட்டது என்னும் பொருள்படச் சொன்னார். நமது உதவியாசிரியர் எழுதிய "திடீரென்று" என்பதும் அதுவும் ஒன்றே. ஜனாதிபதியின் வைத்தியக் குறிப்புக்கள் ஆஸ்பத்திரிப் பெட்டகத்திலிருந்து காணாமற் போயின. உண்மை முழுவதும் 1970-ல் புரூயன் தாமே ஒரு வைத்தியப் பத்திரிகையில் எழுதிய பிறகுதான் வெளிவந்தது. தலைவருடைய நோயை மறைப்பது கட்சிக்குச் செய்யும் சேவை என்று எண்ணுபவர்கள் எல்லாத் தேசங்களிலும் உண்டு போலும்.

மெக்கின்டயரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. இரத்த அழுத்தம் உயர்வது வயதின் இயல்பு என்றும், தடித்துப்போன குழாய்களில் இரத்தம் செல்வதற்கு அவ்வுயர்வு அவசியமே என்றும், அதைக் குறைக்க முயல்வதே அபாயம் என்றும் அக்காலத்துப் பெரிய வைத்தியர்கள் நம்பிவந்தார்கள். இந்நம்பிக்கையைத் தகர்ப்பதற்குச் சாட்சியம் வேண்டியிருந்தது. அச்சாட்சியத்தைத் திரட்டிய விதந்தான் நமக்கு மிகவும் ருசிகரமாயிருக்கிறது.

ரூஸ்வெல்ட்டுக்குப் பின் வந்த ட்ரூமன், 1948-ம் வருஷம் ஜூன் மாதத்தில் தேசிய இருதயச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அவ்வருஷமே பாஸ்டன் நகரத்துக்கு மேற்கே ஃப்ராமிங்ஹாம் என்ற ஊரில் ஒரு வேலை ஆரம்பமாயிற்று. 30-க்கும் 62-க்கும் இடைப்பட்ட வயதுள்ள 5,209 ஆண்களையும் பெண்களையும் சேர்த்துக்கொண்டார்கள். மருந்து ஒன்றும் கொடுக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு, அழுத்தத்தையும் இரத்தத்தையும் எடையையும் பார்த்து, புகை பிடிக்கிறாயா என்று கேட்டு, எழுதி வைத்துக்கொண்டு, காத்திருந்தார்கள். யாருக்கு மாரடைப்பு வருகிறது, யாருக்கு வரவில்லை என்று பார்ப்பதே வேலை. நோய் வந்த பின் நோயாளியைக் கேட்டால் அவன் சொல்வது பின்னோக்கிய வாக்குமூலம். அதில் மறதியும் பொய்யும் கலக்கும். வருவதற்கு முன்பே எழுதி வைத்த குறிப்பு, தகராறு தோன்றுமுன் ரிஜிஸ்தர் செய்த பத்திரம் போன்றது. எந்தக் குறுக்கு விசாரணைக்கும் அது அசையாது.

1961-ல் அவ்வூர் வைத்தியர்கள் வெளியிட்ட கட்டுரையில், இரத்த அழுத்தமும் இரத்தத்திலுள்ள கொலஸ்டிரால் என்னும் கொழுப்பும் மிகுந்தவர்களுக்கு இருதய நோய் பன்மடங்கு அதிகமாக வருகிறதென்பதைக் கணக்கோடு காட்டினார்கள். "அபாயக் காரணிகள்" என்று இன்று எல்லா வைத்தியரும் சொல்லும் வழக்கு அக்கட்டுரையிலிருந்தே பரவியது. சிகரெட்டின் பங்கும், உட்கார்ந்தே இருப்பதன் பங்கும் அதே காலத்தில் வெளியாயின. முதலில் சேர்ந்தவர்களின் பிள்ளைகளை 1971-லும் பேரப்பிள்ளைகளை 2002-லும் சேர்த்துக்கொண்டு அந்தக் கணக்கு தொடர்ந்தது. ஓர் ஊர் தன் உடம்பையே உலகத்துக்குத் தானமாகக் கொடுத்ததென்று சொல்வது மிகையாகாது.

அபாயம் எது என்பது தெரிந்துவிட்டது. அதைக் குறைத்தால் உயிர் பிழைக்குமா என்பது வேறு கேள்வி. இங்கேதான் நமது தேசம் கதையில் நுழைகிறது. இதைச் சொல்லாமல் போனால் நமக்குத் தூக்கம் வராது.

சர்ப்பகந்தி என்னும் செடியின் வேரை நமது தேசத்து வைத்தியர்கள் நெடுங்காலமாகச் சித்தப் பிரமைக்கும் தூக்கமின்மைக்கும் பாம்புக்கடிக்கும் கொடுத்துவந்தார்கள். கல்கத்தாவில் கணேநாத் சென், கார்த்திக் போஸ் என்னும் இருவர், அது இரத்த அழுத்தத்தைத் தணிப்பதை 1931-ல் எழுதினார்கள். அதே வருஷத்தில் டில்லியில் சலீமுஸ்ஸமான் சித்திகி அவ்வேரிலிருந்து ஒரு சத்தைப் பிரித்தெடுத்தார். தம்மை ஆதரித்த ஹக்கீம் அஜ்மல்கான் ஞாபகார்த்தமாக அதற்கு "அஜ்மலின்" என்று பெயரிட்டார். ஆம், 1921-ல் காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை வகித்த ஹக்கீம் அஜ்மல்கானேதான். தேசியத் தலைவர் ஒருவரின் பெயர் இரசாயனப் புத்தகத்தில் ஒரு மருந்தாக நிற்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பிறகு பம்பாயில் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் 50 நோயாளிகளுக்கு அவ்வேரைக் கொடுத்துப் பார்த்து, பலனை 1949-ல் இங்கிலாந்தின் இருதய வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டார். மேல்நாட்டார் கண் திறந்தது. 1952-ல் சுவிட்சர்லாந்துக் கம்பெனி ஒன்று அதன் முக்கியமான சத்தைப் பிரித்து, "ரெஸர்ப்பின்" என்று பெயரிட்டது.

அமெரிக்காவில் பழைய சிப்பாய்களுக்கான ஆஸ்பத்திரிகளில் டாக்டர் ஃப்ரைஸ் என்பவர் நடத்திய பரிசோதனையின் முடிவு 1967-ல் வெளியாயிற்று. கீழ் எண் 115 முதல் 129 வரை இருந்த 143 ஆண்களை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு மருந்து. மற்றொன்றுக்கு மருந்து போலத் தோன்றும் வெறும் மாத்திரை. வெறும் மாத்திரைக்காரர்களில் 27 பேருக்குக் கடுமையான ஆபத்துக்கள் நேர்ந்தன. மருந்து உண்டவர்களில் 2 பேருக்கு மட்டும்! அந்த மருந்தில் சேர்ந்த மூன்று சரக்குகளில் ஒன்று ரெஸர்ப்பின். இரத்த அழுத்தத்தைக் குறைத்தால் உயிர் பிழைக்கும் என்பதை உலகுக்கு முதன்முதலாக நிரூபித்த வழக்கில், நமது காட்டு வேர் ஒரு முக்கிய சாட்சியாக நின்றது. இதனால் எவரும் நாட்டு மருந்துக் கடைக்கு ஓடிச் சர்ப்பகந்தி வேரை வாங்கித் தின்ன வேண்டாம். அளவு மிஞ்சினால் அது மனச்சோர்வை உண்டாக்கும். அதனினும் நல்ல மருந்துகள் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. பெருமை வேறு, வைத்தியம் வேறு.

உள்ளே நடப்பது என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். இருதயம் ஒரு நாளில் ஏறக்குறைய லக்ஷம் தடவை துடிக்கிறது. அதற்கே இரத்தம் கொண்டு போகும் குழாய்கள், வைக்கோல் தாளைவிடச் சற்றே பெரியவை. அவற்றின் உட்சுவரில் கொழுப்பு படிந்து, மேலே மெல்லிய ஆடை மூடி, பல வருஷம் சத்தமின்றிக் கிடக்கும். அழுத்தமும் புகையும் சர்க்கரை நோயும் அந்த ஆடையை நைத்துவிடும். ஒரு நாள் அது கிழிந்தால், புண்ணென்று கருதி இரத்தம் அங்கே உறையும். அவ்வுறைவே குழாயை அடைத்துவிடும். அடைப்புக்கு அப்பாலுள்ள தசை நிமிஷத்துக்கு நிமிஷம் சாகிறது. இது கிழவர்களின் சமாசாரம் என்று இளைஞர்கள் நினைப்பது தவறு. கொரியா யுத்தத்தில் மாண்ட 300 அமெரிக்கச் சிப்பாய்களின் இருதயங்களை அறுத்துப் பார்த்த வைத்தியர்கள் 1953-ல் எழுதினார்கள்: அவர்களின் சராசரி வயது 22, அவர்களில் நூற்றுக்கு 77 பேருடைய குழாய்களில் நோயின் அடையாளம் இருந்தது.

ஜனங்கள் தாங்களே முயன்று இந்நோயை விரட்டிய கதை ஒன்றுண்டு. ராஜீய ஊழியர்கள் அதை அவசியம் படிக்க வேண்டும். பின்லாந்து தேசத்தின் கிழக்கெல்லையில் வட கரேலியா என்றொரு மாகாணம். காடும் ஏரியும் நிறைந்த பூமி, 1,80,000 ஜனங்கள், மரம் வெட்டுதலும் பால் பண்ணையுமே பிழைப்பு. ஆண்கள் கோடரி பிடித்த கையர், வலிய தேகத்தினர். ஆயினும் நாற்பது வயதிலும் ஐம்பது வயதிலும் மாரடைப்பால் சாய்ந்தார்கள். ஏழு தேசங்களை ஒப்பிட்ட பேராசிரியர் ஆன்ஸல் கீஸ் என்பவரின் ஆராய்ச்சியில், கிழக்குப் பின்லாந்துதான் இதில் மிக மோசமான இடத்தில் நின்றது. அம்மாகாணத்தார் என்ன செய்தார்கள்? 1971-ம் வருஷம் ஜனவரியில் கவர்னரும், மாகாணத்தின் பார்லிமெண்டு அங்கத்தினர்களும், பொது ஸ்தாபனத்தாரும் சேர்ந்து, "எங்கள் ஆண்கள் சாகிறார்கள், வழி செய்யுங்கள்" என்று தேசிய சர்க்காருக்கு ஒரு விண்ணப்பம் கொடுத்தார்கள். ரோடு வேண்டும், பாலம் வேண்டும் என்று மனுக் கொடுத்துப் பழகிய நமக்கு இது புதுமையாயிருக்கிறதல்லவா?

1972-ல் வேலை ஆரம்பமாயிற்று. தலைமை வகித்தவர் பெக்கா புஸ்கா என்ற டாக்டர். அப்போது அவர் வாலிபர். ஆஸ்பத்திரி கட்டி மாரடைப்பை நிறுத்த முடியாது, ஊரின் பழக்கத்தையே மாற்ற வேண்டும் என்பது அவர் துணிபு. அந்நாட்டில் ரொட்டியின்மேல் வெண்ணெய் தடவாதவர் அரிது. நூற்றுக்கு 90 பேர் வெண்ணெயே தடவினார்கள். வெண்ணெய் அவர்கள் வீட்டுப் பெருமை; யுத்த காலத்துப் பஞ்சத்துக்குப் பின் வந்த சுபிட்சத்தின் அடையாளம். அதன்மேல் கை வைத்தால் பால் பண்ணைக்காரர் சும்மா இருப்பார்களா? எதிர்த்தார்கள். புஸ்காவின் கூட்டத்தார் வீட்டு மாதர்களின் சங்கத்தைச் சேர்த்துக்கொண்டு, "நீண்ட ஆயுள் விருந்து" என்று பெயரிட்டுக் கிராமந்தோறும் சமைத்துப் பரிமாறினார்கள். தொத்திறைச்சி செய்வோரிடம் போய், கொழுப்பில் ஒரு பங்கைக் குறைத்து அதற்குப் பதில் காளான் சேர்க்கச் சொன்னார்கள். எந்தக் கிராமம் கொலஸ்டிராலை அதிகம் குறைக்கிறது என்று பின்னாளில் பந்தயம் வைத்தார்கள். குளிர் தேசத்தில் பழம் ஏதென்றபோது, அங்கேயே விளையும் சிறு பழங்களைப் பயிரிடும்படி பால் பண்ணைக்காரர்களையே தூண்டினார்கள். வைதுகொண்டிருந்தவனைப் பங்காளியாக்குவதல்லவோ ராஜதந்திரம்!

பலன் யாது? நடுத்தர வயது ஆண்கள் இருதய நோயால் மடிவது, நாற்பது வருஷத்துக்குள் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் குறைந்தது. 1977 முதல் தேசம் முழுவதும் அதே வழி பின்பற்றப்பட்டது. வெண்ணெய் தடவுவோர் நூற்றுக்கு 5 பேர் என்னும் அளவுக்கு அருகிப்போயினர். அங்கே எவரையும் சிறையிலடைக்கவில்லை. நவீன மருந்துகள் பிற்காலத்தில் உதவின என்பது உண்மையே. ஆனால் குறைவு அம்மருந்துகள் வருமுன்னரே தொடங்கிவிட்டது.

வெள்ளையர் கணக்கு நமக்கெப்படிப் பொருந்தும் என்று சிலர் ஆட்சேபிப்பார்கள். நியாயமான ஆட்சேபந்தான். ஃப்ராமிங்ஹாமில் முதலில் சேர்ந்தவர்கள் ஏறக்குறைய எல்லாரும் ஐரோப்பிய வம்சத்தினர். ஆனால் கேரளத்தில் பிறந்து கனடா தேசத்தில் பேராசிரியராயிருந்த டாக்டர் சலீம் யூசுப், 52 தேசங்களில் நடத்திய "இன்டர்ஹார்ட்" என்னும் ஆராய்ச்சியை 2004-ல் வெளியிட்டார். மாரடைப்பு கண்ட 15,152 பேரையும், காணாத 14,820 பேரையும் ஒப்பிட்டார்கள். ஒன்பது காரணங்களே ஆண்களின் அபாயத்தில் நூற்றுக்கு 90 பங்குக்கும், பெண்களுடையதில் 94 பங்குக்கும் உத்தரவாதிகள் என்று கண்டார்கள். புகையிலை, கெட்ட கொழுப்பு, இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், தொந்தி, மனக்கவலை, பழமும் காய்கறியும் போதாமை, உடலுழைப்பின்மை முதலியவை அவை. எந்தத் தேசத்திலும் இவையே. நம்மவர்க்கு மட்டும் ஒரு வித்தியாசம் உண்டு. தெற்காசியாவில் முதல் மாரடைப்பு 53 வயதை ஒட்டி வருகிறது. மற்ற தேசங்களில் 59 வயதை ஒட்டி. ஜாதகத்தால் அன்று, இக்காரணங்கள் நமக்கு இளமையிலேயே வந்து சேர்ந்துவிடுவதால்தான் பெரும்பாலும் இந்த ஆறு வருஷ நஷ்டம் என்று அவர்கள் காட்டினார்கள். தலையெழுத்து என்று சொல்லித் தப்பிக்கும் வழியும் இதனால் அடைபட்டது.

இனி நமது வர்க்கத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவோம். பொது ஊழியர் என்பவர் காலையில் காப்பியும் சிகரெட்டும், பத்து மணிக்கு ஒரு வடை, இரண்டு மணிக்கு எவர் வீட்டிலோ விருந்து, மாலையில் பஜ்ஜி, இரவு பதினொரு மணிக்குப் பரோட்டா. மேலே செல்வது கார். கீழே இறங்கினால் நாற்காலி. பஜ்ஜிக் கடை வாணலியில் திரும்பத் திரும்பக் காயும் எண்ணெயின் வயதை எவரும் கேட்பதில்லை. வனஸ்பதியிலுள்ள கேடான கொழுப்பை நூற்றுக்கு 2 பங்குக்கு மேல் போகலாகாதென்று 2022-ம் வருஷம் ஜனவரி முதல் சர்க்கார் விதி செய்தது நல்ல காரியம். ஆனால் வாணலிக்குப் பக்கத்தில் எந்த இன்ஸ்பெக்டரும் நிற்கமாட்டார். சிகரெட்டை விட்டுவிட்டதாகப் பெருமை கொள்ளும் சிலர் வாயில் புகையிலை அடக்கிக்கொள்கிறார்கள். மென்றாலும் புகைத்தாலும் இருதயத்துக்கு அது விரோதி என்பதை இன்டர்ஹார்ட் ஆராய்ச்சி தெளிவாகச் சொல்லுகிறது.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 1930-ல் ராஜாஜி திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்து உப்பெடுத்துச் சிறை புகுந்த தமிழ்நாட்டில், "உப்பைக் குறையுங்கள்" என்று எழுத நமது பேனா சற்றுத் தயங்கத்தான் செய்கிறது. ஆயினும் அன்று போராடியது வரியில்லா உப்புக்கேயன்றி, வேளைக்கு ஒரு பிடி உப்புக்கன்று. நாளொன்றுக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்கு மேல் கூடாதென்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுகிறது. ஊறுகாய், அப்பளம், வடகம், மோர்மிளகாய், கருவாடு என்று நமது இலையின் ஓரத்திலேயே அதைவிட அதிகம் காத்திருக்கிறது. அவ்யாத்திரையில் நடந்தவர்களுக்கு உப்பு மிகுந்தாலும் கால்கள் அதைச் சரிக்கட்டின. மகாத்மா காந்திக்கும் இரத்த அழுத்தம் மிகுந்திருந்தது. அவர் தினந்தோறும் நடப்பதை மட்டும் நிறுத்தவில்லை. நமது கட்சிகளில் பாத யாத்திரை என்று அறிவித்தால், புகைப்படம் எடுக்கும் மட்டும் நடந்துவிட்டுக் காரில் ஏறுகிறவர்களே அதிகம்.

பரிசோதித்துக்கொள்வதற்குப் பணமில்லை, நேரமில்லை என்பதும் இப்போது எடுபடாத வாதம். 2021-ம் வருஷம் ஆகஸ்டில் கிருஷ்ணகிரி ஜில்லாவில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" என்ற திட்டத்தின்படி அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்து வீட்டு வாசலுக்கே கொண்டுவரப்பட்டது. திட்டத்தை எந்தக் கட்சி செய்தது என்பதை வைத்து மாத்திரையைத் தின்பதா வேண்டாமா என்று யோசிப்பவர்கள் நம்மில் இருக்கக்கூடும். அவர்களுக்கு மருந்தில்லை. மற்றொரு வகையினர் மாத்திரையைத் தொடங்கி, அழுத்தம் இறங்கியதும் "குணமாகிவிட்டது" என்று நிறுத்திவிடுகிறார்கள். குடையால் நனையாமல் நடப்பவன், நனையவில்லையே என்று குடையை மடக்குவதுபோல் இருக்கிறது இது.

மாரடைப்பு என்ற சந்தேகம் வந்தால் செய்யவேண்டியது ஒன்றே. நெஞ்சின் நடுவில் அழுத்தம், கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், இவை கண்டால் சோடாக் கடைக்கு ஆள் அனுப்பாமல் 108-க்குச் சொல்லியனுப்ப வேண்டும். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலி இல்லாமலே வெறும் அயர்ச்சியாகவும் குமட்டலாகவும் வரலாம். 1986-ல் இத்தாலியில் 11,000-க்கு மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு நடத்திய பரிசோதனையில், இரத்த உறைவைக் கரைக்கும் மருந்தை முதல் ஒரு மணி நேரத்துக்குள் பெற்றவர்களிடையே மரணம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. மணி ஆக ஆக அந்த லாபம் கரைந்துபோயிற்று. நமது நண்பர் ஐந்தரை மணி நேரம் இருந்தார். அவர் படுத்திருந்த இடத்திலிருந்து ஜில்லா ஆஸ்பத்திரி காரில் இருபது நிமிஷ தூரம். வாசலில் மூன்று கார்கள் நின்றன. வாயு என்னும் அந்த ஒரு சொல்லைத் தவிர வேறு தடையொன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்வது முறையன்று. நண்பரின் காகிதத்தைப் பார்த்த மறுநாள் நமது காரியாலயத்துக்கு ஒரு கருவி வாங்கினோம். முதலில் நமது கையையே நீட்டினோம். 158/96. கருவி பழுது என்று சொன்னோம். உதவியாசிரியர் தமது கையில் கட்டிப் பார்த்தார். 118/76 என்று காட்டியது. மூன்று நாள் வெவ்வேறு வேளைகளில் பார்த்தும் நமது எண் இறங்கவில்லை. இப்போது தினம் ஒரு மாத்திரை உண்கிறோம். இராத்திரித் தலையங்கத்தைச் சாயங்காலமே முடித்துவிட்டுக் கடற்கரையில் ஒரு மணி நேரம் நடக்கிறோம். வீட்டில் ஆவக்காய் ஜாடி இடம் மாறியிருக்கிறது. எங்கே என்று கேட்பதற்கு இன்னும் நமக்குத் தைரியம் வரவில்லை. புரூப் திருத்தும் பெரியவர் மட்டும் கையை நீட்ட மறுத்துவருகிறார். "தெரிந்தால்தானே கவலை" என்பது அவர் கட்சி. ரூஸ்வெல்ட்டும் அதே கட்சிதான் என்று சொல்லிப் பார்த்தோம். அவருக்கு அதில் பெருமை வந்துவிட்டதே தவிர, கை வரவில்லை.

அடுத்த மாதம் நடக்கவிருக்கும் ஜில்லா மகாநாட்டின் வாயிலில், பிரதிநிதிச் சீட்டுக் கொடுக்கும் மேஜைக்கு அருகே இரண்டு கருவிகளும் ஒரு வைத்தியரும் இருப்பதற்கு வரவேற்புக் கமிட்டியார் சம்மதித்திருக்கிறார்கள். மேடைக்குப் போகிறவர்களுக்கு விதிவிலக்குக் கொடுக்கலாகாது என்று கமிட்டிக்கு எழுதியிருக்கிறோம். எழுதும் எண்ணின் பிரதியொன்றை வீட்டாருக்கும் அனுப்ப வேண்டும் என்பது காலஞ்சென்ற நண்பரின் மனைவியார் சொல்லியனுப்பிய யோசனை, அதையும் சேர்த்திருக்கிறோம். வருகிறவர்கள் ஐந்து நிமிஷம் முன்னதாக வந்து, முதுகைச் சாய்த்து, பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கு அரைமணி முன்பிருந்து காப்பியும் புகையும் கூடா. படியேறி மூச்சிரைக்க வந்து கையை நீட்டினாலும், அளக்கும்போதே எதிர்க்கட்சியைப் பற்றிப் பேசினாலும் கணக்குப் பிசகிவிடும் என்று வைத்தியர் எச்சரிக்கிறார்.